திராட்சைப் பந்தலின் கீழே

இராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு திருவில்லிபுத்தூரில் பாடம் நடத்தி வருகிறோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 11 கிலோமீட்டர்தான். காலையில் பேருந்தின் இடப்பக்கமாகவும், மாலையில் வலப்பக்கமாகவும் ஒரு மலைத்தொடர் நம்முடன் வந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் அதன் உச்சியில் முகில் கவிந்திருக்கும். கோடையில் எங்கேனும் ஓரிடத்தில் காட்டுத்தீயின் புகை எழும். முப்பது ஆண்டுகளாக அதைப் பார்த்து வருகிறோம். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்த்ததில்லை.

அப்பால் இருப்பது மேகமலை. அதன் காலடியில் கம்பம் பள்ளத்தாக்கு. 2021-ஆம் ஆண்டில் இந்த மலையின் இரு பக்கத்துக் காடுகளையும் ஒன்றாகச் சேர்த்துத் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். ஆகவே புலிகளுக்கு அது ஒரே ஊர். மனிதர்களாகிய நாம்தான் மலையைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் போயாக வேண்டும்.

அந்தப் பக்கத்திற்குப் போக வேண்டும் என்ற ஆவல் ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. 'அர்ஷ்' என்றால் அரியணை என்பது நேயர்கள் அனைவரும் அறிந்ததே. அதே வேரிலிருந்து பந்தலைக் குறிக்கும் சொற்களும் வருகின்றன. பந்தலில் படரவிடப்பட்ட தோட்டங்கள், படரவிடப்படாத தோட்டங்கள் என இருவகையையும் திருமறை அல்அன்ஆம் அத்தியாயத்தில் பேசுகிறது. அல்கஹ்ஃப் அத்தியாயத்திலோ, இரண்டு திராட்சைத் தோட்டங்களுக்கு உரியவனாயிருந்த ஒருவனின் வரலாறு வருகிறது. அவனுடைய தோட்டம் தன் பந்தல்களின்மீதே சாய்ந்து விழுந்துகிடந்த காட்சி அங்கே காட்டப்படுகிறது. இந்த இடங்களை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். "உரூஷ் என்றால் பந்தல்" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம்.

சென்ற ஆண்டு ஒரு சிறுவன் கையை உயர்த்தினான். "ஹஜ்ரத், புடலங்காய்ப் பந்தல் மாதிரியா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நமக்குத் தெரிந்த பந்தல்களும் இரண்டே: ஒன்று கல்யாணப் பந்தல், மற்றொன்று அந்தச் சிறுவன் சொன்னது.

நிற்க. பார்க்க வேண்டுமென்றால் போவதற்கு இடம் இல்லாமலில்லை. கம்பத்திற்கு அருகே நம் பழைய மாணவர் ஒருவர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். தந்தையார் திடீரென்று மறைந்துவிட்டதால் ஓதலை முடிக்காமலேயே தோட்டத்துக்குத் திரும்பியவர். ஊர் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, "ஹஜ்ரத் ஒருமுறை வரவேண்டும்" என்று ஒவ்வொரு பெருநாளைக்கும் கடிதம் எழுதுவார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய கடிதம் ஒன்றில் மட்டும் அழைப்பு இல்லை. ஒரு கேள்வி இருந்தது. நாம் விடை எழுதினோம். அதற்குப் பிறகு பெருநாள் கடிதங்கள் வரும் கால இடைவெளி நீண்டது. அதை அப்போது நாம் கவனிக்கவில்லை என்பதே உண்மை.

ஊர்தி ஏற்பாடு எதிர்பாராமல் அமைந்தது. இராஜபாளையத்தில் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ராஜு நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. அவருடைய மகன் கரூரில் பேருந்துகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறான். அந்தத் தம்பி பழைய வேன் ஒன்றை விலைக்கு வாங்கி, இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இருவர் படுக்கப் பலகைக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேசை என்று ஒரு வீட்டையே அதற்குள் கட்டிவிட்டான். பக்கத்துக் கேரளத்தில் 2021-ஆம் ஆண்டு முதல் இத்தகைய வண்டிகளை வைத்து அரசே சுற்றுலாவை ஊக்குவிக்கிறது. அதைப் பார்த்து வந்த ஆசை. "காரவான்" என்று பெயரும் எழுதிவிட்டான். முதல் ஓட்டத்துக்கு அப்பாவின் நண்பர்களையே ஏற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. பழுதானாலும் திட்டமாட்டார்கள் அல்லவா?

காரவான் என்பது பாரசீகத்தார் நாவில் 'கார்வான்'. அரபியில் அதற்கு 'காஃபிலா' என்று பெயர். அந்தச் சொல்லின் வேருக்குத் 'திரும்பி வருதல்' என்பது பொருள். புறப்பட்டுப் போகின்ற கூட்டத்துக்குத் திரும்பி வருகின்ற கூட்டம் என்று பெயர் வைத்தது ஏன் என்று அகராதி ஆசிரியர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். நலமாகத் திரும்ப வேண்டுமே என்ற நன்னிமித்தம் கருதியே அவ்வாறு அழைத்தனர் என்பது அவர்களுள் சிலர் தரும் விளக்கம். தமிழில் இதையே 'சாத்து' என்றார்கள் முன்னோர். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலேயே அது இருக்கிறது. இவற்றையெல்லாம் தம்பியிடம் சொன்னோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, எழுதின பெயிண்ட் காய்ந்துபோச்சு" என்றான்.

பொங்கல் விடுமுறையின் கடைசி இரண்டு நாட்களைக் குறித்துக்கொண்டோம். சுப்ஹு தொழுகை முடிந்ததும் இராஜபாளையத்தில் நாமும் ராஜு நண்பரும் கணக்கு ஆசிரியர் ஒருவரும் ஏறினோம். திருவில்லிபுத்தூரில் நான்காமவர் காத்திருந்தார். அவர் பால்கோவாக் கடைக்காரர். தமிழக அரசின் சின்னத்திலேயே இடம்பெற்ற அந்தப் பெரிய கோபுரத்தின் பின்னணியில், ஒரு கையில் பால்கோவா டப்பாவும் மறு கையில் போர்வையுமாக அவர் நின்றது கண்ணுக்கு இதமாக இருந்தது. அந்த ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எங்கே போனாலும் ஒரு டப்பாவோடுதான் போவார். "குறியீடு வந்த பண்டத்துக்குக் குறியீடு வந்த பழத்தைப் பார்க்க ஆசை, பாய்" என்றார். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் அதே குறியீடு கிடைத்ததை அவர் மறக்கவில்லை.

வழியைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. கிருஷ்ணன்கோவில், டி. கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி. பேரையூரைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தித் தேநீர் வைத்தோம். அடுப்பு நன்றாகவே எரிந்தது. தொட்டித் தண்ணீர்தான் குழாய் வழியே வராமல் கூரை வழியே வந்தது. கணக்கு ஆசிரியர் போர்வையைப் பிழிந்துகொண்டே, கசிவின் வேகத்தைக் கணக்கிட்டு, தேனி போவதற்குள் தொட்டி காலியாகிவிடும் என்றார். அவ்வாறே ஆயிற்று. ஆண்டிப்பட்டிக் கணவாயில் ஏறி இறங்கியதும் காற்றின் குணம் மாறியது. சின்னமனூர் தாண்டியபின் பசுமை இருமருங்கும் சூழ்ந்துகொண்டது.

அந்தப் பசுமைக்குக் காரணம் முல்லைப் பெரியாறு. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த நீரை, மலையில் அணை கட்டி, சுரங்கம் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டார்கள். அந்த அணை 1895-இல் திறக்கப்பட்டது. கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் பிறந்தது 1841 சனவரி 15. நாங்கள் போனது அதற்கு மறுநாள். ஆகவே ஊர்கள்தோறும் அவர் படத்துக்கு முதல்நாள் போட்ட மாலைகள் வாடாமல் இருந்தன. ஆங்கிலேயர் ஒருவரின் படத்தை வீட்டுப் பெரியவர் படம்போல் மாட்டி வைத்திருக்கும் மக்களைப் பார்க்கையில், தண்ணீர் கொடுத்தவனுக்கு இந்த நாட்டில் உள்ள மதிப்பு விளங்கியது.

உத்தமபாளையத்தில், 1956-இல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரியைக் கடந்து போனோம். நிலத்தில் விளைந்ததைக் கல்வியில் விதைத்த செல்வந்தரின் பெயர் அது. இறங்கிப் பார்க்க ஆவல்தான், விடுமுறை நாள், வாயில் சாத்தியிருந்தது.

தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது லுஹர் நேரம். மாணவர் வரப்பிலேயே நின்றிருந்தார். தாடியில் பாதி நரைத்திருந்தது. பதினைந்து வயதில் நம் முன்னே அமர்ந்து ஓதியவரை நரையோடு பார்க்கும்போது நம் வயது நமக்கு நினைவுக்கு வரும். ஸலாம் கூறிக் கையைப் பற்றிக்கொண்டவர், நீண்ட நேரம் விடவில்லை. பயணிகளுக்குரிய சலுகைப்படி இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதுவிட்டு உள்ளே நுழைந்தோம்.

நேயர்களே, புடலங்காய்ப் பந்தல் என்று கேட்ட அந்தச் சிறுவனை நாம் அழைத்துப் போயிருக்க வேண்டும். ஆளுயரத்துக்குச் சற்று மேலே, நட்ட கல்தூண்களின் தலையில், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி பின்னி, அதன்மேல் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். வெளியே உச்சி வெயில். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு மாலைப்பொழுது. தலைக்கு மேலே கூரை முழுவதும் இலை. இலைக்குக் கீழே கொத்துக் கொத்தாகக் கருநீலத்தில் பழம். நிமிர்ந்து நடந்தால் கொத்து தலைப்பாகையில் இடிக்கிறது. பணிந்து நடக்க வேண்டியிருந்தது. 'உரூஷ்' என்ற சொல்லை முப்பது ஆண்டுகள் வாயால் சொன்னோம். அன்றுதான் தலையால் தொட்டோம்.

மாணவர் ஆசிரியரானார். நாம் கேட்டுக்கொண்டே நடந்தோம். கொடிக்குக் கவாத்து என்று ஒன்று உண்டு. அறுவடை முடிந்து ஓய்வு கொடுத்தபின் கிளைகளை வெட்டிவிடுவார்கள். வெட்டப்பட்ட இடத்துக்குக் கீழேயுள்ள கணுவிலிருந்துதான் பூவும் பிஞ்சும் வரும். வெட்டாமல் விட்ட கொடி இலையாகவே வளர்ந்துகொண்டு போகும். கவாத்திலிருந்து நான்கு மாதம் போலக் காத்திருந்தால் பழம். நாசிக் பக்கத்தில் ஆண்டுக்கு ஓர் அறுவடைதான்; இங்கே தட்பவெப்பம் இடம்கொடுப்பதால் ஒன்றுக்கு மேல் உண்டு. எல்லாத் தோட்டத்தாரும் ஒரே நாளில் கவாத்து செய்வதில்லை; ஆகவே ஆண்டு முழுவதும் பள்ளத்தாக்கில் எங்கேனும் ஒரு பந்தலில் பழம் தொங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த இனத்துக்கு நூல்களில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். ஓமான் நாட்டு மஸ்கட்டிலிருந்து வந்தது போலும் என்று ராஜு நண்பர் சொன்னார். நாமும் முன்பு அப்படியே எண்ணியிருந்தோம். கஸ்தூரியைக் குறிக்கும் சொல்லின் வழியாக, அதன் மணத்தால் வந்த பெயர் என்பதே அறிஞர் பலரின் கருத்து. அரபியின் 'மிஸ்க்' அதற்கு உறவு. கம்பத்து மக்களும் மணத்தை வைத்தே பன்னீர் திராட்சை என்றார்கள். எங்கோ இருக்கும் இரண்டு கூட்டத்தார் ஒரே பழத்தை முகர்ந்து, ஒருவர் கஸ்தூரி என்றும் ஒருவர் பன்னீர் என்றும் பெயரிட்டிருப்பது நமக்கு வியப்பாக இருந்தது. பழந்தமிழில் கொடிமுந்திரி என்ற பெயரும் உண்டு. அது இப்போது அகராதியில் மட்டுமே பழுக்கிறது.

அரபியரிடமும் ஒரு பெயர்ச் செய்தி உண்டு. திராட்சைக் கொடியை அவர்கள் 'கர்ம்' என்று அழைத்து வந்தனர். வள்ளன்மையைக் குறிக்கும் 'கரம்' என்ற சொல்லோடு பிறந்தது அது. மது அருந்தினால் கை தாராளமாகிறது என்ற பழைய நினைப்பு அதில் ஒளிந்திருக்கிறது என்பர். கொடிக்கு அந்தப் பெயர் வேண்டாம்; அந்தப் பெயருக்கு உரியது இறைநம்பிக்கையாளரின் உள்ளமே என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் திருத்தியதாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. இதைப் பந்தலின் கீழே நின்று நண்பர்களுக்கு எடுத்துச் சொன்னோம். நன்றாகவே சொன்னோம் என்று நினைப்பு. மாணவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அஸருக்குப் பின் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மாணவரின் தாயார் கதவோரம் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். தட்டில் பழமும் பால்கோவாவும் இருந்தன. அப்போது ராஜு நண்பர் எந்த உள்நோக்கமும் இல்லாமல் கேட்டார்: "பாய், இந்தப் பழத்தைத்தானே ஒயினுக்கும் வாங்குகிறார்கள்?"

மாணவர் ஒன்றும் சொல்லவில்லை. தாயார்தான் பேசினார்.

"வாங்குவாங்க தம்பி. நாங்க கொடுக்கிறதில்லை. ஹஜ்ரத்தோட ஒரு வார்த்தைக்கு என் மகன் கட்டுப்பட்டவன்" என்று பெருமையோடு தொடங்கினார். மகன், "அம்மா, அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார். அவர் நிறுத்தவில்லை. அந்தக் கதை அந்த வீட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை என்பது அவர் சொன்ன விதத்திலிருந்தே தெரிந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. பழம் முற்றி, நான்கு நாளில் வெட்ட வேண்டும் என்றிருந்த நேரத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது. பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லியது. முற்றிய பழத்தில் நீர் ஏறினால் தோல் வெடிக்கும். வெடித்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். ஒரு பழம் கெட்டால் கொத்து கெடும். முன்பணம் கொடுத்திருந்த வியாபாரி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். சந்தைக்கு ஆகாது, ஆனால் பிழிவதற்கு ஆகும். ஒயின் ஆலை ஒன்றுக்குப் பழம் பிடித்துக்கொடுக்கும் தரகர், மழை விட்ட அன்றே வந்து விலை சொன்னார். பாதி விலைதான். ஆனாலும் போட்ட முதலில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். மாணவர் ஒரு நாள் தவணை கேட்டுக்கொண்டு, நமக்குக் கடிதம் எழுதி, அதைக் கொடுத்து அனுப்பிப் பேருந்தில் ஓர் ஆளையே திருவில்லிபுத்தூருக்கு ஏற்றிவிட்டார்.

அந்த ஆள் வந்தது நமக்கு நினைவிருக்கிறது. பாடம் நடந்துகொண்டிருந்தது. மழையில் நனைந்த சட்டையோடு வாயிலில் நின்றார். கடிதத்தைப் படித்தோம். ஓர் அஞ்சலட்டையை எடுத்து, "மது வடிப்பவருக்கு விற்பது கூடாது" என்று ஒரே வரி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தனுப்பினோம். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தோம்.

தாயார் சொல்லிக்கொண்டே போனார். அந்த வரி வந்து சேர்ந்தது. தரகரை அனுப்பிவிட்டார்கள். வெடித்த பழத்தை வெட்டி, குழி தோண்டிக் கொட்டினார்கள். வெட்டுவதற்கும் கூலி உண்டு. வெட்டாமல் விட்டால் அடுத்த வெள்ளாமையும் கெடும். குளவியும் ஈயும் மொய்த்த அந்தக் குழியிலிருந்து எழுந்த புளித்த வாடை ஊர்வரை வந்ததாம். மருமகளின் நகைகள் அடகுக்குப் போயின. மூழ்கிப்போனவை போக மிச்சம் மீள ஐந்து ஆண்டுகள் பிடித்தன. மூத்த பேரனுக்கு ஓர் ஆண்டு பள்ளிக்கூடம் இல்லை. "ஆனால் ஹராம் காசு ஒண்ணும் வீட்டுக்குள்ள வரலை. எல்லாம் உங்க துஆ பரக்கத்" என்று சொல்லி, இடித்த வெற்றிலையை வாயில் இட்டுக்கொண்டார். நமக்கு நன்றி சொன்னார்.

கையிலிருந்த பழத்தை வாயில் வைக்க முடியவில்லை.

ஒன்றை இங்கே மறைக்காமல் எழுதியாக வேண்டும். நாம் ஓதியது ஹனஃபி மத்ஹபின் நூல்களை. மது வடிப்பவர் என்று தெரிந்தே ஒருவருக்குத் திராட்சைச் சாற்றை விற்கலாமா என்ற கேள்வியை அந்நூல்கள் முன்பே எடுத்துப் பேசியிருக்கின்றன. விற்பதில் குற்றமில்லை என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் முடிவு. சாறு சாறாக இருக்கும்போது அதில் பாவம் இல்லை, வாங்கியவன் பின்னர் செய்யும் மாற்றத்திலேயே பாவம் வருகிறது என்பது அதன் காரணம். அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் அதை வெறுத்தார்கள். பிற மத்ஹபுகளின் அறிஞர்கள் இன்னும் கடுமையாகத் தடுத்தார்கள். மதுவோடு தொடர்புடைய பத்துப் பேர் மீது, பிழிபவர் முதல் சுமப்பவர் வரை, சாபம் வருகின்ற ஹதீஸ் அவர்கள் கண்முன் இருந்தது. நம் மனம் அன்றும் தடுப்பவர் பக்கமே. இன்றும் அந்தப் பக்கமே. அதில் மாற்றமில்லை.

ஆனால், கருத்து வேறுபாடு உண்டு என்பது அன்றே நமக்குத் தெரியும். அந்த நூலை அதே வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தவர்கள் நாம். வாயிலில் நனைந்து நின்றவரிடம் அதைச் சொல்லவில்லை. பழத்தை வேறு யாரும் வாங்க மாட்டார்களா, எவ்வளவு பழம், எத்தனை நாள் தாங்கும் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நம் ஊர்களில் இரண்டு ஜும்ஆப் பள்ளிகளில் அறிவித்திருந்தால், வெடித்த பழம் என்று தெரிந்தே சர்பத்துக்கும் ஜாமுக்கும் ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கிப் போயிருப்பார்கள். இதை வாய்விட்டுச் சொன்னபோது பால்கோவா நண்பர், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என் கடை வாசல்ல கொட்டி வித்திருப்பேனே, பாய்" என்று வருந்தினார். அவர் செய்திருப்பார், ஐயமில்லை. தடுப்பதற்கு நமக்கு ஓர் அஞ்சலட்டை செலவாயிற்று. அதற்கு மேல் ஒரு காசு செலவில்லை.

இரவில் தம்பியின் வண்டிக்குள் படுத்தோம். கட்டில் நன்றாகவே இருந்தது, உறக்கம்தான் வரவில்லை. கணக்கு ஆசிரியரின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு, அல்கஹ்ஃபின் தோட்டக்காரனையே நினைத்துக்கொண்டிருந்தோம். ஆற்றுநீர் பாயும் தோட்டம், நடுவே பயிர், சுற்றிலும் பேரீச்சை. இது ஒருநாளும் அழியாது என்று செருக்கினான், அழிந்தது. அந்த இடத்தை நாம் எப்போதும் செருக்கைப் பற்றிய பாடமாகவே நடத்துவோம். தோட்டத்துக்காகச் செலவிட்டதை எண்ணி அவன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததாக அங்கே ஒரு காட்சி வருகிறது. அதை விரைவாகக் கடந்து போய்விடுவோம். செருக்கே இல்லாத ஒருவர், மலைக்கு அந்தப் பக்கத்தில், நம் ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வாறு கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில், நாம் இந்தப் பக்கத்தில் அந்த அத்தியாயத்தையே கூட நடத்திக்கொண்டிருந்திருக்கலாம்.

சுப்ஹுக்குப் பின் மாணவரோடு பந்தலுக்குள் நடந்தோம். பனி இறங்கி, கொத்துகளின்மேல் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. இமாம்களின் கருத்து வேறுபாட்டை அவரிடம் சொன்னோம். அன்றே சொல்லியிருக்க வேண்டியது என்பதையும் சொன்னோம்.

அவர் ஒரு கொத்தின் அடியில் கையை வைத்து எடை பார்ப்பதுபோல் தூக்கினார்.

"எனக்குத் தெரியும், ஹஜ்ரத். ரெண்டு வருஷம் கழிச்சு ஓர் ஆலிம் சொன்னாங்க."

"பிறகும் விற்கவில்லையா?"

"விற்கலை. ஒரு தடவை விட்டபிறகு மனசு வரலை. அதுல எனக்கு வருத்தம் இல்லை." சற்று நேரம் பேசாமல் நடந்தார். "அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஹஜ்ரத். பின்பக்கம் முழுக்கக் காலியா இருந்துச்சு. மழை எப்படி, அம்மா எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்தை எழுதியிருப்பீங்களோன்னு பார்த்தேன்."

அதற்கு நம்மிடம் விடை இல்லை. மன்னிக்கும்படி கேட்டோம். அவர் பதறி, "ஹஜ்ரத், என்ன இது!" என்று நம் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அஞ்சலட்டை இன்னும் இருக்கிறதா என்று கேட்டதற்கு, இருக்கிறது என்றார். அதைத் திருப்பித் தர முடியுமா என்றோம். சற்று யோசித்து, "அது இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த பந்தலில் மறுவாரம் வெட்ட வேண்டிய பழம் இருந்தது. வடக்கே விதையில்லாத திராட்சை சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டால் பன்னீருக்கு விலை இறங்கும் என்று அவர் முதல்நாளே சொல்லியிருந்தார். எங்கள் நால்வருக்கும் அதே எண்ணம் ஒரே நேரத்தில் தோன்றியது. தம்பி, வண்டியின் கட்டில் பலகைகளைக் கழற்றி மடக்கினான். பெட்டி பெட்டியாக அடுக்கினோம். வண்டி தாங்குமா என்று கணக்கு ஆசிரியர் மட்டும் கவலைப்பட்டு, எடையைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். பால்கோவா நண்பர் தம் கடை வாசலை அளித்தார்; ராஜு நண்பர் தம் தெருவை ஏற்றுக்கொண்டார்; வெள்ளிக்கிழமைக்கு நாம் பொறுப்பு.

மழை பிடித்தால், வெட்டுவதற்கு முன்பே நமக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும் என்று மாணவரிடம் வாக்கு வாங்கினோம். அவர் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

பணம் கொடுக்கும்போது ஒரு சிறு தயக்கம். ஆசிரியரிடம் வாங்குவதா என்று மறுப்பாரோ, அல்லது விலையைக் குறைப்பாரோ என்று எண்ணினோம். அவர் அன்றைய சந்தை விலையைச் சொன்னார், பெட்டிகளை எண்ணினார், கணக்கு ஆசிரியர் கூட்டிய தொகையில் ஒரு பிழையையும் திருத்தினார், ஒரு ரூபாயும் குறைக்காமல் எண்ணி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தாயார் வாசலில் நின்று துஆச் செய்தார்.

பெட்டிகளுக்கு இடம் விட்டு, முன்பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டோம். ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறுவதற்குள் வண்டி முழுவதும் பன்னீர் மணந்தது. டி. கல்லுப்பட்டிக்குப் பிறகு மாலை வெயிலில் நம் மலை வலப்பக்கத்தில் மீண்டும் வந்து சேர்ந்துகொண்டது.